புது கேமிங் கம்ப்யூட்டர்: எந்தப் பாகம், என்ன ஸ்பெக், எந்த வரிசையில்?

பிராசசரில் தொடங்கி மானிட்டரில் முடிப்பதுதான் பலருடைய வழக்கம். மானிட்டருக்கு வரும்போது பட்ஜெட் தீர்ந்திருக்கும். மூலையில் கிடக்கும் பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை எடுத்து மாட்டிவிடுவார்கள். கம்ப்யூட்டர் நொடிக்கு 200 ஃபிரேம், அதாவது 200 படம், தயாரித்துத் தள்ளும், திரை அதில் 60ஐத்தான் காட்டும்.

அதனால் இங்கே திரையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகலாம். காரணம் எளிது. கிராபிக்ஸ் கார்டின் வேலை பெரும்பாலும் பிக்சல் கணக்கில் கூடும். பிராசசரின் வேலை ஃபிரேம் கணக்கில் கூடும். திரையில் எத்தனை பிக்சல், நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற இரண்டையும் முடிவு செய்துவிட்டால், மீதி ஸ்பெக்கில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

படி 1: என்ன விளையாடப் போகிறீர்கள், எந்தத் திரையில்?

முதலில் பிக்சல் கணக்கு. 1080பி என்பது 1920 × 1080, சுமார் 20.7 லட்சம் பிக்சல். 1440பி என்பது 2560 × 1440, சுமார் 36.9 லட்சம். 4கே என்பது 3840 × 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். அதாவது 4கேயில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 1080பியைப் போல நான்கு மடங்கு பிக்சல்களை வரைய வேண்டும். 1080பியில் சிரமமே இல்லாமல் ஓடும் கார்டு 4கேயில் திணறுவது இதனால்தான்.

அப்புறம் நேரக் கணக்கு. 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃபிரேம்) வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமை 16.7 மில்லி நொடிக்குள் முடிக்க வேண்டும். 144க்கு 6.9 மில்லி நொடி. 240க்கு 4.2 மில்லி நொடிதான். 60லிருந்து 144க்குப் போகும்போது கண்ணும் கையும் உடனே வித்தியாசத்தை உணரும். 144லிருந்து 240க்குப் போவது போட்டியாக ஷூட்டர் கேம் ஆடுபவர்களுக்குப் பயன்படும், மற்றவர்கள் அந்தப் பணத்தை வேறு இடத்தில் போடலாம்.

வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி கேம்கள்தான் உங்கள் பொழுதுபோக்கு என்றால், 24 அங்குல 1080பி திரையும் உயர்ந்த ரெஃப்ரெஷ் ரேட்டும் (திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும் என்ற ஹெர்ட்ஸ் எண்) சரி. கதையோடு போகும் பெரிய கேம்கள் என்றால் 27 அங்குல 1440பி, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். என்னைக் கேட்டால், இன்றைக்குப் புதிதாக வாங்கும் பெரும்பாலானோருக்கு இதுதான் சரியான இடம். 27 அங்குலத்தில் 1080பி வாங்காதீர்கள். அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் வரும், எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். அதே அளவில் 1440பி என்றால் அங்குலத்துக்கு 109.

பேனல் (திரையின் தொழில்நுட்பம்) விஷயத்தில் ஐபிஎஸ் வகை பொதுவாகத் தப்பு செய்யாது. விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் மலிவான விஏ பேனல்களில் இருட்டுக் காட்சிகள் நகரும்போது நிழல்போல ஓர் இழுப்பு தெரியும். ஓஎல்இடி அழகு, வேகம் இரண்டிலும் முன்னால் நிற்கிறது. நாள் முழுக்க ஒரே டாஸ்க்பாரையும் எக்செல் ஷீட்டையும் காட்டிக்கொண்டிருந்தால் அதில் தழும்பு விழும் ஆபத்து உண்டு என்பதையும் கணக்கில் எடுங்கள். எந்தப் பேனலாக இருந்தாலும் ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் வசதி இருக்கட்டும். ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது திரையும் அதற்கேற்ப ஓடும், படம் கிழியாது.

படி 2: கிராபிக்ஸ் கார்டு

பட்ஜெட்டில் பெரிய பங்கு இங்கேதான் போக வேண்டும். மானிட்டரைத் தவிர்த்த மொத்தத்தில் 35 முதல் 45 சதவீதம் வரை கார்டுக்குப் போனால் கவலைப்படாதீர்கள். 20 சதவீதம்தான் போகிறது என்றால் வேறு எங்கேயோ வீணாகிறது.

முதலில் பார்க்க வேண்டியது விரேம், அதாவது கார்டிலேயே இருக்கும் நினைவகம். கடையில் நம்மைக் குழப்புவதும் இதுதான். என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது, 16 ஜிபி கார்டும் இருக்கிறது. ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் அப்படித்தான். சிப் ஒன்றுதான், பெட்டியும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஆனால் விரேம் நிரம்பிவிட்டால், கார்டு தனக்கு வேண்டிய டெக்ஸ்சர்களை (சுவர், தரை போன்ற பரப்புகளின் மேல் போர்த்தும் படங்களை) கம்ப்யூட்டரின் சாதாரண ரேமிலிருந்து பிசிஐஇ என்ற இணைப்பு வழியாக இழுக்கத் தொடங்கும். அந்த வழி விரேமோடு ஒப்பிட்டால் பல மடங்கு மெதுவானது. சராசரி எஃப்பிஎஸ் சுமாராக நன்றாகவே காட்டும், விளையாடும்போது விட்டு விட்டு இழுக்கும். சில கேம்கள் இழுக்காமல் டெக்ஸ்சரின் தரத்தைச் சத்தமில்லாமல் குறைத்துவிடும், பக்கத்துச் சுவர் மங்கலாகத் தெரியும்.

என் அளவுகோல் இது. போட்டி கேம்கள் மட்டும், 1080பியில் என்றால் 8 ஜிபி போதும். 1440பிக்கு 12 ஜிபியைக் குறைந்தபட்சமாகவும் 16 ஜிபியை நிம்மதியான அளவாகவும் வையுங்கள். 4கேக்கு 16 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். பட்ஜெட் இறுக்கமாக இருப்பவர்கள் 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580ஐப் பார்க்கலாம், 12 ஜிபி இருக்கிறது. ஆனால் அதற்கு ரீசைசபிள் பார் என்ற வசதி பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் மதர்போர்டின் நிரல்) கட்டாயம் ஓடவேண்டும். பழைய மதர்போர்டில் மாட்டினால் வேகம் கணிசமாக விழும். 1440பிக்கு ஆர்டிஎக்ஸ் 5070 (12 ஜிபி), ஆர்எக்ஸ் 9070, 9070 எக்ஸ்டி (இரண்டும் 16 ஜிபி). 4கே பக்கம் போகிறவர்களுக்கு 5070 டிஐயும் 5080ம், இரண்டுமே 16 ஜிபி. 32 ஜிபி கொண்ட 5090 என்பது பட்ஜெட் என்ற சொல்லே அகராதியில் இல்லாதவர்களுக்கு.

பெயரில் இருக்கும் எண்ணை வைத்து வரிசைகளை ஒப்பிடாதீர்கள். 5060 என்றால் போன தலைமுறை 4070ஐ விட வேகம் என்று அர்த்தமில்லை. நீங்கள் விளையாடும் கேமில், உங்கள் ரெசல்யூஷனில் (1080பி, 1440பி போன்ற பிக்சல் அளவில்) எடுத்த சோதனை முடிவுகளைத் தேடுங்கள். அதிலும் சராசரியை மட்டும் பார்க்காமல் "1 சதவீத லோ" என்ற எண்ணைப் பாருங்கள். மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்கள் எந்த வேகத்தில் வந்தன என்பதை அது சொல்லும். சராசரி 120, லோ 40 என்றிருக்கும் கார்டைவிட, சராசரி 95, லோ 75 என்றிருக்கும் கார்டில்தான் விளையாட்டு வழுக்கிக்கொண்டு போகும்.

அடுத்து டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், எக்ஸ்இஎஸ்எஸ். இவை குறைந்த ரெசல்யூஷனில் படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டும் நுட்பங்கள். 4கேயில் 'குவாலிட்டி' முறையை வைத்தால், உள்ளே உண்மையில் 1440பியில்தான் வரையப்படுகிறது. அதனால்தான் 4கேயில் இது நன்றாக எடுபடுகிறது, 1080பியில் அவ்வளவாக எடுபடுவதில்லை. பெரிதாக்க அங்கே கையில் இருக்கும் பிக்சலே குறைவு.

ஃபிரேம் ஜெனரேஷன் வேறு விஷயம். அது இரண்டு உண்மையான ஃபிரேம்களுக்கு நடுவே தானாக ஊகித்த ஃபிரேம்களைச் செருகுகிறது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வெளிவந்தபோது அறிமுகமான முறையில், ஓர் உண்மையான ஃபிரேமுக்கு மூன்று செயற்கை ஃபிரேம் வரை வரும். படம் மென்மையாகத் தெரியும், ஆனால் மவுஸை அசைத்ததற்கும் திரையில் நடப்பதற்கும் இடையிலான தாமதம் குறையாது, கொஞ்சம் கூடவும் செய்யும். அசல் வேகமே சுமார் 60 எஃப்பிஎஸ் இருந்தால் இது நல்ல கூடுதல் வசதி. அசல் 25 என்றால் திரையில் 100 என்று காட்டினாலும் கையில் 25தான். விளம்பர வரைபடத்தில் "இரு மடங்கு வேகம்" என்று பார்த்தால், கீழே பொடி எழுத்தில் ஃபிரேம் ஜெனரேஷன் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ரே ட்ரேசிங் (ஒளிக்கதிர் போகும் வழியைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் முறை) பிடிக்காது, அதனால் அது இல்லாத பழைய கார்டு போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே ட்ரேசிங் வன்பொருள் இருந்தால்தான் ஓடுகின்றன. அதை அணைத்து வைக்கும் வழியே இல்லை.

படி 3: பிராசசர்

ஒவ்வொரு ஃபிரேமிலும் யார் எங்கே நிற்கிறார்கள், குண்டு எதில் பட்டது, எதிரி என்ன செய்யப்போகிறான், கார்டு எதையெல்லாம் வரைய வேண்டும் என்பதையெல்லாம் தயாரித்துக் கொடுப்பது பிராசசர். திரை 1080பியா 4கேயா என்பது அதற்குப் பெரும்பாலும் பொருட்டே இல்லை. ஆகவே 4கேயில் 60 எஃப்பிஎஸ் போதும் என்பவருக்குச் சாதாரண ஆறு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) பிராசசரே போதும். 1080பியில் 240 வேண்டும் என்பவருக்குத்தான் விலை உயர்ந்த பிராசசர் தேவை. நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கையில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே இதைச் சோதிக்கலாம். கேமில் ரெசல்யூஷனைக் கீழே இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் இதுவரை கார்டுதான் தடை. அசையாமல் அப்படியே நின்றால் பிராசசர்தான் தடை, புது கார்டு வாங்கினாலும் அங்கே பலன் இருக்காது.

கோர் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். கேமுக்கு 6 கோர் 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை) நல்ல தொடக்கம், 8 கோர் தாராளம். அதற்கு மேல் வீடியோ எடிட்டிங் போன்ற வேலைகளுக்குத்தான். கேமில் பெரிய வித்தியாசம் காட்டுவது கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம். ஏஎம்டியின் ரைசன் 7 9700எக்ஸில் எல்3 கேஷ் 32 எம்பி, 9800எக்ஸ்3டியில் 96 எம்பி. இரண்டும் எட்டு கோர்தான். ஆனால் கேமுக்குத் திரும்பத் திரும்பத் தேவைப்படும் தகவல் சிப்புக்குள்ளேயே இருப்பதால், ரேமுக்கு ஓடிப்போய்க் காத்திருக்கும் நேரம் மிச்சமாகிறது. பெரிய உலகத்தைக் கட்டி ஆளும் சிமுலேஷன், ஸ்ட்ராட்டஜி கேம்களில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

நடுத்தர பட்ஜெட்டுக்கு ரைசன் 5 7600 அல்லது 9600எக்ஸ், கொஞ்சம் கூடினால் 7800எக்ஸ்3டி, பணம் இருந்தால் 9800எக்ஸ்3டி. இவையெல்லாம் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டின் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) பக்கம் நான் சாய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022இல் வந்த இந்தச் சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. முந்தைய ஏஎம்4இல் 2017 வாக்கில் போர்டு வாங்கிய பலர், பயாஸை மட்டும் புதுப்பித்து 2022இல் வந்த 5800எக்ஸ்3டியை அதே போர்டில் மாட்டினார்கள்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை சிப்களைப் பழையதாக வாங்குவோர் கவனிக்க வேண்டும். அதிக வோல்டேஜால் உயர்ரகச் சிப்கள் நாளடைவில் பாதிக்கப்பட்டு, கேம்கள் நடுவில் நின்றுபோன சிக்கல் இருந்தது. 2024இல் மைக்ரோகோட் (பிராசசரின் உள் நிரல்) திருத்தம் வந்தது. அது மேற்கொண்டு சேதத்தைத் தடுக்கும், ஏற்கெனவே பாதிப்படைந்த சிப்பைச் சரிசெய்யாது. சிப்பின் பெயரில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். கார்டு பழுதானால் திரையே வராது. விலை வித்தியாசம் சின்னது என்றால் 'எஃப்' இல்லாததை எடுங்கள்.

படி 4: மதர்போர்டு

இங்கே பணத்தைக் கொட்ட வேண்டாம். விலை கூடிய போர்டு எஃப்பிஎஸ்ஸைக் கூட்டாது. ஏஎம்5க்கு பி650 அல்லது பி850 சிப்செட் பெரும்பாலோருக்குப் போதும். பிராசசருக்கு மின்சாரம் பிரிக்கும் விஆர்எம் பகுதியின் மேல் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இருக்கிறதா, எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி செருகும் இடம்) குறைந்தது இரண்டு உண்டா, வைஃபை வேண்டுமா, பின்னால் யூஎஸ்பி போர்ட் எத்தனை, இவ்வளவுதான். பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் நல்லது. போர்டைவிடப் புதிய பிராசசர் வாங்கும்போது, பிராசசர் ஓடாமலேயே பென்டிரைவ் வழியாகப் பயாஸைப் புதுப்பிக்கலாம். சில போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் கிராபிக்ஸ் கார்டின் 16 லேன் (தகவல் போகும் பாதை) எட்டாகக் குறைந்துவிடும். கையேட்டில் அந்த ஒரு பக்கத்தையாவது படியுங்கள்.

படி 5: ரேம்

32 ஜிபி, இரண்டு 16 ஜிபி குச்சிகளாக. ஒரே குச்சியாக வாங்கினால் நினைவகத்தின் வேகப் பாதையில் பாதி அடைபடும். நான்கு ஸ்லாட்டையும் நிரப்புவதும் டிடிஆர்5 என்ற இன்றைய ரேம் வகையில் நல்லதல்ல, வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டிவரும்.

ஏஎம்5க்கு டிடிஆர்5-6000, சிஎல்30 என்பது பரவலாக ஒத்துக்கொண்ட இலக்கு (6000 என்பது வேகம், சிஎல் என்பது பதில் வரக் காத்திருக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை). இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ நொடியில் வரும். 30 × 2000 ÷ 6000 என்றால் 10. டிடிஆர்5-5200, சிஎல்40 என்றால் 15க்கும் மேல். எக்ஸ்3டி பிராசசர்களில் பெரிய கேஷ் இருப்பதால் ரேம் வேகம் அவ்வளவு முக்கியமில்லை, அங்கே சிஎல்36 கொண்ட மலிவான ரேமே போதும்.

2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை உலகெங்கும் ஏறியிருக்கிறது. 32 கட்டுப்படியாகவில்லை என்றால் 16 ஜிபியில் தொடங்கலாம், விளையாடும்போது பிரவுசரை மூடிவைக்கும் பழக்கம் இருந்தால் சமாளிக்கலாம். ரேமுக்காக 16 ஜிபி கார்டை 8 ஜிபியாகக் குறைக்காதீர்கள். ரேமைப் பின்னால் மாற்றலாம், விரேமைக் கூட்ட வழியே இல்லை.

படி 6: எஸ்எஸ்டி

பிசிஐஇ 4.0 எம்.2 எஸ்எஸ்டி, 1 டிபி குறைந்தபட்சம், 2 டிபி நிம்மதி. பெரிய கேம்கள் பல 100 ஜிபியைத் தாண்டுகின்றன. நொடிக்கு 7000 எம்பி தரும் 4.0க்கும் 14000 வரை போகும் 5.0க்கும் கேம் திறக்கும் நேரத்தில் தெரியும் வித்தியாசம் மிகச் சொற்பம், சூடுதான் அதிகம். ஃபிளாஷ், அதாவது எஸ்எஸ்டியின் சேமிப்பு சிப், டிஎல்சி வகையாக உள்ளதை எடுங்கள், கியூஎல்சி வகை மலிவு என்றாலும் பாதிக்கு மேல் நிரம்பியபின் பெரிய ஃபைல் எழுதும்போது நொண்டும்.

படி 7: பவர் சப்ளை

பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளையின் இன்னொரு பெயர்) கேபினெட்டோடு சேர்த்து இலவசமாகத் தருவார்கள். வாங்காதீர்கள். மற்ற எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் இதன் வழியாகத்தான் போகிறது. கெட்டுப்போகும்போது தனியாகப் போகாமல் மற்றதையும் சேர்த்துக்கொண்டு போகக்கூடியது இது ஒன்றுதான்.

கணக்கு இப்படி. ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ 300 வாட். 9800எக்ஸ்3டி உச்சத்தில் 162 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 537. இதற்கு 750 வாட் சரியான தேர்வு. ஆர்டிஎக்ஸ் 5060 (145 வாட்) போன்ற சின்ன கார்டுக்கு 550 போதும். 5090 ஒன்றே 575 வாட் இழுக்கும், அதற்கு என்விடியா சொல்வது 1000 வாட்.

கார்டுகள் கண நேரத்துக்குத் தங்கள் அளவைவிட இரண்டு மூன்று மடங்கு வரை மின்சாரத்தை இழுப்பதுண்டு. பழைய எஸ்எம்பிஎஸ் இதைப் பார்த்துப் பயந்து கம்ப்யூட்டரையே அணைத்துவிடும். ஏடிஎக்ஸ் 3.0, 3.1 தரம் இதற்காகத்தான் வந்தது. எஸ்எம்பிஎஸ் தன் அளவின் இரு மடங்கு வரை போகும் ஏற்றத்தை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும் என்று அது கேட்கிறது. 80 பிளஸ் கோல்டு என்ற முத்திரை, சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் வீணாகாமல் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. 115 வோல்ட் சோதனையில் பாதி சுமையில் கோல்டு 90 சதவீதம், பிரான்ஸ் 85. கம்ப்யூட்டர் 500 வாட் எடுத்தால் கோல்டு சுவரிலிருந்து 556 இழுக்கும், பிரான்ஸ் 588. பாதுகாப்புச் சுற்றுகள் எப்படி, வோல்டேஜ் எவ்வளவு நிலையானது என்பதற்கு அந்த மாடலைப் பிரித்துப் பார்த்த விமர்சனங்களைத்தான் படிக்க வேண்டும்.

புது கார்டுகளின் 16 பின் கனெக்டரை முழுதாக, இடைவெளி தெரியாமல் அழுத்திச் செருகுங்கள். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில் உருகிப்போன கனெக்டர்கள் பலவற்றில் அரைகுறையாகச் செருகியதே காரணம். அப்புறம் இன்னொன்று: பழைய மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் மாட்டவே கூடாது. முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே பின் வரிசை வேறாக இருக்கும், டிரைவும் போர்டும் ஒரு நொடியில் போய்விடும்.

படி 8: கூலர், கேபினெட்

பெட்டியோடு கூலர் வரும் 65 வாட் பிராசசருக்கு அந்தக் கூலரே போதும், சத்தம்தான் கொஞ்சம் கேட்கும். 9800எக்ஸ்3டிக்குக்கூட இரட்டை டவர் ஏர் கூலர் தாராளம். லிக்விட் கூலர் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அதில் பம்பு என்று கெட்டுப்போக ஒரு பாகம் கூடுகிறது.

கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியாக மூடியிருந்தால் வேண்டாம், வலைபோன்ற முகப்பு வேண்டும். முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று என்று இருந்தால் காற்றோட்டம் சரியாக இருக்கும். வாங்கும் முன் டேப்பை எடுத்து மூன்று அளவைச் சரிபாருங்கள்: கார்டின் நீளம் (பெரிய கார்டுகள் 300 மில்லி மீட்டரைத் தாண்டும்), கூலரின் உயரம், மதர்போர்டின் அளவு. லிக்விட் கூலர் என்றால் ரேடியேட்டர் எங்கே உட்காரும் என்பதையும் பாருங்கள்.

படி 9: விண்டோஸா, லினக்ஸா?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. புது கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11தான், டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் பயாஸில் ஓடவிடுங்கள். வேலரன்ட் போன்ற கேம்களின் ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் நிரல்) இவற்றைக் கேட்கும். லினக்ஸில், ஸ்டீம் என்ற கேம் கடையின் புரோட்டான் (விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் நிரல்) வழியாக ஏராளமான கேம்கள் நன்றாக ஓடுகின்றன, ஆனால் ஆன்டி-சீட் கொண்ட பல ஆன்லைன் கேம்கள் ஓடாது. நீங்கள் ஆடும் கேம் எது என்று பார்த்து முடிவெடுங்கள்.

படி 10: முதல் நாளே செய்ய வேண்டியவை

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடக்கிறது. ரேம் குச்சிகளைப் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 6000க்குப் பணம் கொடுத்துவிட்டு 4800இல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். ரீசைசபிள் பார் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் ரெஃப்ரெஷ் ரேட்டை 144 என்றோ உங்கள் திரையின் அளவென்றோ மாற்றுங்கள், தானாக 60இல்தான் நிற்கும் திரைகள் உண்டு.

பிறகு மெம்டெஸ்ட் போன்ற நிரலை ஓர் இரவு ஓடவிட்டு ரேமைச் சோதியுங்கள். கனமான ஒரு கேமை ஒரு மணி நேரமாவது ஓட்டி, கார்டின் வெப்பத்தையும் ஃபேன் சத்தத்தையும் கவனியுங்கள். காயில் வைன் எனப்படும் கீச்சொலி, திரையில் செத்த பிக்சல், ஆடிக்கொண்டிருக்கும் யூஎஸ்பி போர்ட் எல்லாவற்றையும் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பார்த்துவிடுங்கள். அதுவரை அட்டைப் பெட்டிகளையும் பில்களையும் தூக்கிப் போடாதீர்கள்.